கிழிந்த தோலை வெட்டிப் போடாதீர்கள்

வாட்ஸ்அப்பில் எனக்கு வருகிற போட்டோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வயதான கை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் தோல் முக்கோணமாகக் கிழிந்து ஒரு பக்கமாகச் சுருண்டு கிடக்கும், சுற்றிலும் கருநீலமாக ரத்தம் கட்டியிருக்கும், அதன்மேல் மஞ்சள் தூளோ காபித் தூளோ அப்பியிருக்கும். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சிஸ்டர், அம்மாவுக்குத் தாழ்ப்பாள் பட்டுத் தோல் வழண்டு போச்சு, தொங்குற தோலக் கத்தரிக்கோலால வெட்டிவிட்டுறலாமா?" வெட்டாதீர்கள் என்று நான் பதில் போடுவதற்குள் பல வீடுகளில் வெட்டி முடித்திருப்பார்கள், அதனால்தான் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் திருச்சிப் பக்கம் வீடு வீடாகப் போய் டிரெஸ்ஸிங் செய்கிறவள். ஸ்ரீரங்கத்தில் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, கிழவனும் கிழவியுமாகத் தனியே இருக்கிற வீடுகள் நிறைய. படுக்கைப் புண் என்றால் பயப்படுவார்கள், சர்க்கரைக்காரரின் கால் புண் என்றால் அலறியடித்துக்கொண்டு ஓடுவார்கள், தோல் கிழிந்தால் மட்டும் "சின்னச் சிராய்ப்புதானே" என்று விட்டுவிடுவார்கள். அந்தச் சின்னச் சிராய்ப்பைக் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு, தினமும் பிரித்துப் பிரித்துக் கட்டி, மூன்று மாசப் புண்ணாக ஆக்கியபிறகு கூப்பிடுவார்கள். பட்ட அடியில் ஆன சேதம் கொஞ்சம்தான், அப்புறம் நாம் கட்டுப் போட்டதிலும் பிரித்ததிலும் ஆனதுதான் மிச்சமெல்லாம். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஏன் இப்படிக் கிழிகிறது? மேல்தோலும் அதற்கு அடியில் இருக்கும் தோலும் இளவயதில் இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டதுபோல மேடும் பள்ளமுமாகப் பின்னிக் கிடக்கும். வயதாக ஆக அந்த மேடுபள்ளம் தட்டையாகிவிடும், பிடிமானம் போய்விடும். கீழே மெத்தை மாதிரி இருந்த கொழுப்பும் முன்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் கரைந்துபோகும், எண்ணெய்ப் பசை வற்றும், ரத்தக் குழாய்களைச் சுற்றித் தாங்கிக்கொண்டிருந்த நார்கள் தளரும். அதனால்தான் லேசாக இடித்தாலே வயதானவர்கள் கையில் கருநீலத் திட்டு வருகிறது. அந்தத் திட்டு இருக்கிற கையைப் பார்த்தாலே நான் வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுவேன், அடுத்து இங்கேதான் கிழியும் என்று. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தோல் இன்னும் மெலிந்திருக்கும். எகோஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் என்று ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குக் கிழிசல் சின்னதாக இருந்தாலும் ரத்தம் நிற்காமல் வந்து வீட்டையே கலவரமாக்கிவிடும்.

சரி, கிழிந்துவிட்டது. விழுந்ததால் கிழிந்தது என்றால் முதலில் தோலைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். தலையில் அடியா, இடுப்பை அசைக்க முடிகிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா? ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் தலையை இடித்துக்கொண்டிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், கையில் இருக்கிற கிழிசல் அப்புறம். அதெல்லாம் இல்லை என்றால் கையைத் தூக்கிப் பிடித்து, சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிஷம். இந்தப் பத்து நிமிஷம்தான் யாராலும் முடிவதில்லை, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் "நின்னுடுச்சா" என்று தூக்கிப் பார்ப்பார்கள், உறைய ஆரம்பித்தது மறுபடி கலைந்து ஒழுகும்.

ரத்தம் நிற்க வேண்டும் என்பதற்காகக் காபித் தூளையோ மஞ்சளையோ சுண்ணாம்பையோ வைக்காதீர்கள். நாட்டு வைத்தியத்தோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. என் பிரச்சினை அந்தத் தூளை வெளியே எடுப்பதுதான். போன மாதம் ஒரு பாட்டி வீட்டில் சுருண்ட தோலுக்கு அடியில் காபித் தூள் போய் ரத்தத்தோடு சேர்ந்து கட்டியாகிவிட்டது. அதைத் தேய்த்து எடுக்க முடியாது, தேய்த்தால் மிச்சத் தோலும் கூடவே வந்துவிடும். நனைத்த காஸ் துணியை மேலே போட்டு ஊறவிட்டு, செலைன் என்கிற உப்புநீரை ஊற்றி, மறுபடி ஊறவிட்டு, துகள் துகளாக மிதந்து வருகிறவரை காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. கட்டுப் போடுவதற்கு ஆன நேரத்தைவிட அந்தத் தூளைக் கழுவுவதற்கு ஆன நேரம் அதிகம். பாட்டி வேறு நடுநடுவே "நல்ல பில்டர் காபித் தூள்தாம்மா போட்டேன்" என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கழுவுவதற்கு 0.9 சதவீத செலைன் போதும், மருந்துக்கடையில் 100 மில்லி பாட்டிலாகவே கிடைக்கும். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரும் சரிதான். பீச்சியடிக்காமல் மெதுவாக ஊற்றவேண்டும். ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்ஸைடு எதுவும் வேண்டாம், எரியும் என்பது ஒருபுறம், ஒட்டிப் பிழைக்கவேண்டிய தோலை அது சாகடித்துவிடும். பீட்டாடின் ஊற்றிய காஸைப் புண்மேல் போட்டுக் கட்டுவதுதான் நம் ஊரில் வழக்கம். இந்த வகைக் கிழிசலுக்கு அது வேண்டாம் என்றுதான் இப்போது சொல்கிறார்கள், காரணம் அது தோலைக் காயவைத்துவிடும். நமக்கோ தோல் ஈரமாக இருக்கவேண்டும்.

இப்போது அந்தச் சுருண்ட தோல். இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பார்ப்பதற்குச் செத்த தோல் மாதிரி, சுருங்கி ஓரத்தில் நூல்போல ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்திருந்தால் அப்படியே இழுக்கக்கூடாது, செலைனில் நனைத்த காஸை மேலே வைத்து ஐந்து பத்து நிமிஷம் விட்டால் மெத்தென்று ஆகிவிடும். அடியில் ரத்தக் கட்டி இருந்தால் கழுவி வெளியே எடுத்துவிடவேண்டும், கட்டிமேல் தோலைப் போர்த்தினால் அது ஒட்டாது. பிறகு கிளவுஸ் போட்ட விரலாலோ நனைத்த பட்ஸாலோ, தோல் இன்னும் கையோடு ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, கிழிந்த நுனியை நோக்கி உருட்டி உருட்டி விரித்துக்கொண்டே போகவேண்டும். பிடித்து இழுக்கக்கூடாது, உருட்டத்தான் வேண்டும். சுருண்ட ஓரம் உள்பக்கமாக மடங்கி ஒளிந்துகொண்டிருக்கும், அதைத் தேடி வெளியே எடுத்தால் இவ்வளவு தோல் இருந்ததா என்று வீட்டுக்காரர்களே ஆச்சரியப்படுவார்கள். முழுசாக மூடவில்லையா, பரவாயில்லை, எதுவரை வருகிறதோ அதுவரை மூடிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். விளிம்போடு விளிம்பு சேரவேண்டும் என்று இழுத்துப் பிடித்தால் ரத்த ஓட்டம் நின்று அந்தத் தோல் கறுத்துப்போகும். தையல் போடலாமே என்று கேட்பார்கள். இந்தத் தோல் நூலைத் தாங்காது, ஊசி குத்திய இடத்திலிருந்தே இன்னொரு கிழிசல் ஆரம்பிக்கும்.

தோல் கிழிசலுக்கென்றே ஐஸ்டாப் என்று ஒரு சர்வதேச நிபுணர் குழு இருக்கிறது, 2013ல் அவர்கள் இதை மூன்றே வகையாகச் சுருக்கிக் கொடுத்தார்கள். தோல் முழுசாக இருக்கிறது, திருப்பிப் போர்த்தினால் புண் மூடிவிடும் என்றால் முதல் வகை. கொஞ்சம் தோல் போய்விட்டது, போர்த்தினாலும் ஒரு பகுதி திறந்துதான் இருக்கும் என்றால் இரண்டாவது. தோல் மொத்தமும் போய் அடிப்பகுதி சிவப்பாகத் தெரிந்தால் மூன்றாவது. நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கத்தரிக்கோலை எடுத்து வெட்டும்போது நீங்கள் செய்வது முதல் வகையை மூன்றாவது வகையாக மாற்றுவதுதான். போர்த்திய தோல் முழுசாகப் பிழைக்கவே வேண்டும் என்றுகூட இல்லை, புது மேல்தோல் வளர்கிறவரை புண்ணை மூடிக்கொண்டிருந்தாலே போதும், கடையில் விற்கிற எந்தக் கட்டும் அதற்கு ஈடு இல்லை.

மேலே என்ன போடுவது? ஒட்டாதது எதுவோ அது. வசதி இருந்தால் சிலிக்கான் வலை டிரெஸ்ஸிங், அல்லது சிலிக்கான் பூசிய ஃபோம் டிரெஸ்ஸிங். சுற்றியிருக்கும் தோலில் மெதுவாகப் பிடித்துக்கொள்ளும், எடுக்கும்போது தோலை இழுக்காது. விலை கூடுதல்தான், சின்ன ஊர்க் கடைகளில் சொல்லிவைத்துத்தான் வாங்கவேண்டும். முடியாது என்றால் பாரஃபின் தடவிய வலைத் துணி, அதுதான் நம் ஆஸ்பத்திரிகளில் தீக்காயத்துக்குப் போடுவது, அதை வைத்து, மேலே மெத்தையாகக் காஸ் வைத்து, அதற்கும் மேலே ரோலர் பேண்டேஜைத் தளர்வாகச் சுற்றினால் போதும். தளர்வு என்றால் ஒரு விரல் உள்ளே போய்வர வேண்டும். வெறும் காஸையோ பஞ்சையோ நேரடியாகப் புண்மேல் வைக்காதீர்கள், மறுநாள் அது புண்ணோடு சேர்ந்து காய்ந்திருக்கும். கண்ணாடி மாதிரி இருக்கிற ஒட்டுப் படலமும் வேண்டாம், ஜெல் போல ஒட்டுகிற ஹைட்ரோகொலாய்டு தகடும் வேண்டாம், ரெண்டும் அழுத்தமாக ஒட்டும், பிரிக்கும்போது கூடவே தோலையும் கொண்டுபோகும். காகிதத் தையல் மாதிரி ஒட்டுகிற பட்டைகளை முன்பெல்லாம் நாங்களே போட்டிருக்கிறோம், இப்போது அதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

கட்டின்மேல் பேனாவால் ஒரு அம்புக்குறி போடுவேன், தேதியும் எழுதுவேன். தோல் ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து கிழிந்த நுனிப் பக்கம் நோக்கி அம்பு இருக்கும். அடுத்து யார் பிரித்தாலும் அம்பு காட்டுகிற திசையில்தான் பிரிக்கவேண்டும், எதிர்த்திசையில் பிரித்தால் போர்த்திய தோல் அப்படியே திரும்பவும் சுருண்டு மேலே வந்துவிடும். அம்புக்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஆனாலும் போடுகிறவர்கள் குறைவு.

இனி சண்டை வருகிற இடம். மூன்றாம் நாள் போன் வரும்: "சிஸ்டர், கட்டு மாத்த வரலையே, தினம் மாத்தினாத்தானே ஆறும்?" சிலிக்கான் போட்டிருந்தால், கசிவு வெளியே வராமல், நாற்றம் இல்லாமல் இருந்தால் ஐந்திலிருந்து ஏழு நாள்வரை அடிக் கட்டைத் தொடவே வேண்டாம். வலைமேல் இருக்கிற காஸ் நனைந்தால் அதை மட்டும் மாற்றலாம். பாரஃபின் வலை சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் ரெண்டு மூன்று நாளில் பார்க்கவேண்டியிருக்கும், அதுவும் செலைனில் நன்றாக ஊறவிட்டபிறகுதான் எடுக்கவேண்டும். பிரித்துப் பார்க்கவில்லை என்றால் கவனிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. ஒரு வீட்டில் மருமகள் பாவம், தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து பயபக்தியோடு மாமியாரின் கட்டைப் பிரித்து, கழுவி, பவுடர் தூவி, புதுக் கட்டுப் போட்டிருக்கிறார். அக்கறைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. தினமும் புதிதாக வளர்ந்த மெல்லிய தோலைத் தினமும் உரித்து எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பிரிக்காமல் விட்டதும் அது தன்பாட்டுக்கு மூட ஆரம்பித்துவிட்டது. சாதாரணமாக இந்தக் கிழிசல்கள் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும்.

பிளாஸ்திரி பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம், அவ்வளவு கோபம் எனக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்து நல்லபடியாக டிஸ்சார்ஜ் ஆகி வந்த ஒரு தாத்தா, நிமோனியா சரியாகிவிட்டது, கையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. என்ன ஆச்சு என்றால், ஊசி குத்தின இடத்தில் ஒட்டியிருந்த அழுத்தமான பிளாஸ்திரியை டிஸ்சார்ஜ் அவசரத்தில் ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார்கள். அங்கே வார்டில் எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் என்பது எனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் மனசு ஆறவில்லை. வயதான தோலில் பிளாஸ்திரியை எடுக்க வேண்டுமென்றால் தேங்காய் எண்ணெயை ஓரத்தில் விட்டு ஊறவிடுங்கள், ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிளாஸ்திரியைத் தன்மேலேயே மடித்து, தோலோடு படுக்கைவாட்டில் மெதுவாக உருவுங்கள், மேல்நோக்கித் தூக்காதீர்கள். இதையே டிஸ்சார்ஜ் நேரத்தில் நர்ஸிடமும் கேட்கலாம், "கொஞ்சம் எண்ணெய் தடவிக்கட்டுமா சிஸ்டர்" என்று தன்மையாகக் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். பிபி பார்க்கும் பட்டையையும் சட்டைக் கையின் மேலேயே சுற்றச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் எப்போது போகவேண்டும்? பத்துப் பதினைந்து நிமிஷம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, அடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிகிறது, போர்த்திய தோல் கறுத்துவிட்டது, சீழ், நாற்றம், காய்ச்சல், இதில் எதுவானாலும் போய்விடுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவந்தால் தொற்று என்று புத்தகத்தில் இருக்கும், நம் நிறத்தில் அந்தச் சிவப்பு பல நேரம் தெரியாது, அதனால் புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள், வீக்கமும் இறுக்கமும் பாருங்கள், நேற்றைவிட இன்று வலி கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீரென்று பேச்சு குழறலாகவும் நினைவு தப்பினதுபோலவும் ஆகலாம், அதுவும் தொற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும். டெட்டனஸ் வராமல் இருக்கப் போடுகிற டிடி ஊசி கடைசியாக எப்போது போட்டார்கள் என்பது பெரும்பாலான வீட்டில் யாருக்கும் தெரியாது, டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். காலில், முழங்காலுக்குக் கீழே கிழிந்தால் தனிக் கவனம் வேண்டும், கால் வீங்கியிருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ ஆற நாளாகும், ரத்த ஓட்டம் பார்க்காமல் இறுக்கிக் கட்டவே கூடாது. ரத்தம் வருகிறதே என்று எகோஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இருதயத்துக்காகக் கொடுத்த மாத்திரை அது.

இனி வராமல் தடுப்பது. மேற்கு ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2014ல் வெளியானது. கைகால்களில் தினம் ரெண்டு வேளை ஈரப்பதம் காக்கும் க்ரீம் தடவியவர்களுக்குத் தோல் கிழிவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. க்ரீம் தடவியது, அவ்வளவுதான், வேறு எந்தப் பெரிய வைத்தியமும் இல்லை. நம் வீட்டில் வாசலீனோ மணமில்லாத சாதா க்ரீமோ போதும், தேங்காய் எண்ணெயும் ஒன்றும் தடவாமல் விடுவதற்கு எவ்வளவோ மேல். குளித்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, தோல் லேசாக நனைந்திருக்கும்போதே, முடி வளர்கிற திசையில் தடவுங்கள். நாரும் கடலைமாவும் போட்டுத் தேய்க்க வேண்டாம், சொரசொரப்பான துண்டு வேண்டாம், பழைய வேட்டித் துணி நல்லது.

அப்புறம் வீட்டை ஒருமுறை அவர்கள் கண்ணால் பாருங்கள். தாழ்ப்பாள் முனை, இரும்புக் கட்டிலின் ஓரம், சக்கர நாற்காலியின் கால்மிதி, இவைதான் நான் பார்த்த வரையில் அதிகம் கிழிப்பவை. ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், நீளவாக்கில் கீறிக் கட்டில் கம்பியில் மாட்டினால் கச்சிதமாக உட்காரும். பாட்டிகளின் கண்ணாடி வளையல், தாலிச் சரட்டில் கொத்தாகத் தொங்குகிற ஊக்குகள், பார்த்துக்கொள்கிறவரின் மோதிரமும் நகமும், எல்லாமே கிழிக்கும். ஊக்கைக் கழற்றச் சொன்னால் பாட்டிகள் என்னை முறைப்பார்கள், ஆத்திர அவசரத்துக்கு ஊக்கு வேண்டாமா என்பார்கள், சரி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசி முடிப்பேன். எழுப்பி உட்கார வைக்கும்போது முன்கையைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகுக்குப் பின்னால் கை கொடுங்கள், படுக்கையில் மேலே நகர்த்த வேண்டுமென்றால் அடியில் ஒரு விரிப்பைப் போட்டு இரண்டு பேராக விரிப்போடு தூக்குங்கள். கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் தோல் ஆறாது, முட்டையோ பருப்போ பாலோ தயிரோ ஏதாவது ஒன்று தினமும் உள்ளே போகவேண்டும்.

முன்கைக்கு உறை என்று தனியாக வாங்கத் தேவையில்லை, நீளமான, தளர்வான காட்டன் சாக்ஸின் பாத நுனியை வெட்டிவிட்டுக் கையில் மாட்டினால் ஆயிற்று. போடும்போதும் கழற்றும்போதும் தோலோடு உரசாமல் சுருட்டிச் சுருட்டி ஏற்றவேண்டும், பைக் ஓட்டுகிறவர்கள் போடுகிற இறுக்கமான உறை வேண்டாம். ஆறின இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு நிற்கும், அந்தத் தோலுக்கு வலு குறைவு, மறுபடி கிழிந்தால் பெரும்பாலும் அதன் ஓரத்தில்தான் கிழியும். அதனால் புண் நன்றாக மூடின மறுநாளிலிருந்து அங்கேயும் க்ரீம் தடவ ஆரம்பியுங்கள், ஆறிவிட்டதே என்று சாக்ஸை மட்டும் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.